"ஒண்ணும் ஆகலையே, விடுங்க சார்"

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள் 5 நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டு மீன்தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்கு வந்த கண்டனங்களுக்கு அங்கே பதில் சொன்னால் சண்டையாகும். அதனால் இங்கே சொல்கிறேன்.

நடந்தது இது. தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 250 லிட்டர் கொள்ளும். கீழே பெட்டிக்குள் வடிகட்டித் தொட்டி. மேலிருந்து தண்ணீர் கீழே வடிய வேண்டும், பம்பு அதை மேலே ஏற்ற வேண்டும். மேலிருந்து இறங்குவதற்கு ஓட்டை இல்லாததால், விளிம்பில் மாட்டும் ஒரு பெட்டியும் வளைந்த குழாயும் பொருத்தித் தந்தார்கள். சைஃபன்தான். "காத்து புகுந்தா என்னப்பா ஆகும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தது.

சைஃபன் குழாயின் உச்சியில் காற்றுக் குமிழிகள் சிறிது சிறிதாகச் சேரும். போன மாதம் ஒரு ராத்திரி மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. பம்பு திரும்ப ஓடியது, சைஃபன் ஓடவில்லை. கீழ்த்தொட்டியில் இருந்ததையெல்லாம் பம்பு மேலே ஏற்ற, தொட்டி நிரம்பி வழிந்து இரண்டு வாளித் தண்ணீர் கூடத்தில். அதே தரையில்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கிடந்தது. விடியற்காலையில் பேரன் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, "தாத்தா, மீனெல்லாம் வெளிய வரப் போகுது" என்று கூப்பிட்டான்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனுக்கும் ஆகவில்லை. உடனே எல்லோரும், "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுங்க!" என்றார்கள்.

எனக்குக் கோபம் இந்த வாக்கியத்தின் மேல்தான். ஒன்றும் ஆகாமல் போனது நம் ஏற்பாட்டின் திறமையாலா? இல்லை. தண்ணீர் பலகையின் உள்ளே போக இன்னும் ஒரு விரற்கடை பாக்கி இருந்தது, அவ்வளவுதான். அதை அனுபவம் என்று எண்ணி அப்படியே விட்டால், அடுத்த தடவை அந்த விரற்கடை இருக்காது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. காற்று புகுந்தால் சைஃபன் நிற்கும், தானாகத் திரும்ப ஓடாது என்று 30 வருடம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். படம் போட்ட கையாலேயே அந்தப் பெட்டிக்குப் பணமும் கொடுத்தேன்.

இனி கண்டனங்களுக்கு வருகிறேன்.

"நல்ல கண்ணாடியில ஓட்டை போட்டா உடையும் மாமா." டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் உடையும், சந்தேகமே இல்லை. அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். துளைத்தால் மொத்தமும் நொறுங்கும். சாதாரணக் கண்ணாடி அப்படி இல்லை. சோதிக்க வழி உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். டஃபன்டு என்றால் கறுப்புத் திட்டுகளோ பட்டைகளோ தெரியும். எங்கள் பின்பக்கக் கண்ணாடியில் தெரியவில்லை. தயாரித்துத் தந்தவரிடமும் கேட்டு உறுதி செய்த பிறகுதான் துளைப்பானைக் கையில் எடுத்தோம்.

தொட்டியைக் காலி செய்து, பின்கண்ணாடி மேலே வரும்படி தெர்மாகோல் மேல் படுக்கவைத்தோம். களிமண்ணால் வட்டமாக வரப்பு கட்டி உள்ளே தண்ணீர் ஊற்றி, வைரத் துளைப்பானை மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ஓட்டினோம். விளிம்புக்கும் துளைக்கும் நடுவே துளையின் விட்டத்துக்குக் குறையாத இடம் விட்டோம். அவசரப்பட்டு அழுத்துகிறவர்கள்தான் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் குறை சொல்கிறார்கள்.

"ஓட்டை வழியா எல்லாத் தண்ணியும் போயிடுமே அண்ணா?" துளை கீழே இல்லையம்மா, மேல் விளிம்புக்கு அருகில் இருக்கிறது. வாஷர் மொத்தமும் கெட்டாலும் தண்ணீர் துளையின் மட்டம் வரைதான் இறங்கும். இந்தத் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது 14 லிட்டர். அதைக் கணக்குப் போட்டு, கீழ்த்தொட்டியில் அத்தனைக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

"ரெண்டாவது ஓட்டை எதுக்கு சார்? வேஸ்ட்." வேலை செய்ய வந்த தம்பி கேட்டது இது. பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இது ஒன்றுதான். முதல் குழாய் தினமும் தண்ணீரை இறக்கும். இரண்டாவது அதைவிடச் சற்று உயரத்தில் காய்ந்தே நிற்கும். முதல் குழாயில் ஒரு நத்தையோ இலையோ அடைத்தால், மட்டம் ஏறி இரண்டாவதில் இறங்கும். நான் தூங்கினாலும் ஊரில் இல்லாவிட்டாலும் இறங்கும். யாரும் நினைவு வைத்துக்கொண்டு எதையும் செய்ய வேண்டியதில்லை. காய்ந்து நிற்கும் குழாயை வீண் என்று சொல்கிற நாட்டில்தான் மாடிப்படியின் அவசர வழியில் பழைய பீரோவை நிறுத்தி வைக்கிறோம்.

சிலிக்கான் காய ஒரு வாரம் விட்டேன். வினிகர் வாடை போகும் வரை மீன்கள் பழைய ஸ்பாஞ்சோடு பெரிய டப்பில் இருந்தன. பிறகு தண்ணீர் நிரப்பி, பம்பை ஓட்டி, முதல் குழாயை வேண்டுமென்றே துணியால் அடைத்தேன். மட்டம் ஏறியது. இரண்டாவது குழாய் கடகடவென்று சத்தம் போட்டுத் தண்ணீரை இறக்கியது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பம்பையும் நிறுத்திப் பார்த்தேன்; கீழ்த்தொட்டி வழியவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது சுவரில், ஆளுயரத்தில். வீட்டுக்கு ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. அது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

உங்களில் பலர் இன்று என்ஜினியர், வயர்மேன், கான்ட்ராக்டர், கடை முதலாளி. வாடிக்கையாளர் "இது கெட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அவர் கண்முன்னால் அதைக் கெடுத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் பொருத்தாதீர்கள்.

மைத்துனர் பின்னூட்டத்தில் வருவார் என்று தெரியும். வாருங்கள் மாப்பிள்ளை. துணி தயாராக இருக்கிறது, நீங்களே குழாயை அடைத்துப் பார்க்கலாம்.