நிலவறை இல்லாத ஊரின் தாளம்

நியூயார்க்கின் பிளீக்கர் தெருவில், தரைமட்டத்துக்குக் கீழே, 1958-இல் ஆர்ட் டிலுகாஃப் திறந்த 'வில்லேஜ் கேட்' என்ற இசைக்கூடம் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து, திங்கட்கிழமை இரவுகளில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ வழிவந்த தாளக்குழு ஒன்று அங்கே மேடையேறும். அதனோடு ஜாஸ் கலைஞர் ஒருவர் விருந்தாளியாக வந்து வாசிப்பார். அந்த இரவுகளுக்கு நீண்ட முன்கதை உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் முழவோசை ஹவானாவின் தெருக்களில் வளர்ந்தது. 1947-இல் டிஸி கில்லெஸ்பியின் குழுவோடு சானோ போஸோ என்ற காங்கோ வாத்தியக்காரர் கார்னகி அரங்கில் அமர்ந்தபோது, ஜாஸுக்கு அது உறவாயிற்று. மறு ஆண்டு டிசம்பரிலேயே போஸோ ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொண்டுவந்த தாளம் அங்கேயே தங்கிவிட்டது. வில்லேஜ் கேட்டும் 1994-இல் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே நிலவறையில் வேறொரு பெயரில் மீண்டும் வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கின.

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அப்படியொரு நிலவறை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏரிகளின் மேல் எழுந்த ஊர்கள் இவை. ஐப்பசியில் தரைத்தளத்துக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். பம்பாய்க்குத் தாஜ் ஓட்டலும் கல்கத்தாவுக்குப் பார்க் தெருவும் இருந்ததைப் போல, ஜாஸ் வளர்வதற்கு ஏற்ற மதுக்கூடங்களும் சென்னைக்கு வாய்க்கவில்லை. 1948 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அது தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கூடி ஆடிய ரயில்வே இன்ஸ்டிடியூட்டுகளில் ரம்பாவும் சா-சா-சாவும் கேட்டிருக்கலாம். ஆனால் ஆவடி டேங்க் தொழிற்சாலையிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஷிப்ட் முடித்து வந்த மனிதருக்கு அந்தக் கதவுகள் எட்டாதவை.

அவரைத் தேடி அந்தத் தாளம் சினிமாக் கொட்டகைக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால் விந்தைதான்: குடிக்கத் தடை இருந்த ஊரில், கோடம்பாக்கத்து செட்டுகளில் மட்டும் 'கிளப் டான்ஸ்' தடையின்றி நடந்தது. அட்டையில் செய்த மதுக்கூடத்தில் நாயகி ஆட, பின்னால் பாங்கோஸ், மரக்காஸ், அக்கார்டியன் எல்லாம் அசலாக ஒலித்தன. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஒரு பாடல்பதிவையே திரையில் காட்டினார்கள். எம்.எஸ்.வி. கைவீசி நடத்துவதையும் டி.எம்.எஸ். ஒலிவாங்கி முன் நின்று பாடுவதையும் வாத்தியக்காரர்களின் விரல்களையும் அன்றுதான் பலர் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். என்னைக் கேட்டால், லத்தீன் தாளத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த நிலவறை இரண்டாம் ஆட்டத்தின் இருட்டுதான். கியூபா எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாமலே அந்த நடையைத் தொடையில் தட்டிப் பழகினார்கள் நம் பெற்றோர்.

இப்படி நேர்ந்தது முதல் தடவையும் அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன், இதே சென்னையின் வடக்கே மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்த காலத்தில், முத்துசுவாமி தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்தியங்களை இன்று பாட்டு வகுப்புக் குழந்தைகள் பாடுகிறார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி கற்ற வயலின் இல்லாமல் இன்று ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி நடப்பது அரிது. கொடுப்பது ஒருபக்கமாகவும் நிற்கவில்லை: வில்லேஜ் கேட் திறந்த அதே 1958-இல் சென்னைக்கு வந்த டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு வியந்து நின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் புது ஒலியொன்று வாசலில் நிற்கும்போது, 'இது நம்முடையதல்ல' என்று ஒரு குரல் எழுகிறது. அதற்குப் பதில் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. ஒரு முப்பது ஆண்டு கழிந்தால் அந்தப் புது ஒலியே பழைய மரபாகி, அடுத்து வருவதை வாசலில் நிறுத்தி வைக்கிறது.

ஆகவே, சென்னையில் ஒரு நல்ல ஜாஸ் கிளப் இல்லையே என்று இளைஞர்கள் இன்று வருந்தும்போது எனக்குப் பெரிய பதற்றம் உண்டாவதில்லை. கிளப்புகள் வரும், வாடகை கட்டாமல் போகும். ஆடி மாதத்தில் திருவேற்காட்டுப் பக்கமோ திருமுல்லைவாயில் பக்கமோ அம்மன் கோயில் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு ஏறினால், கீபோர்டுக்குப் பக்கத்தில் தும்பா நிற்கும். ஹவானாவின் காங்கோவேதான் அது. கூழ் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த கூட்டம் அதை அந்நிய வாத்தியம் என்று நினைப்பதில்லை.

மனத்தை உறுத்துவது வேறொன்று. தாளம் தங்கியது, தட்டிய கைகளின் பெயர்கள் தங்கவில்லை. டிரம்ஸ் நோயல் கிராண்ட், அக்கார்டியன் மங்களமூர்த்தி என்று சிலரை ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இசைத்தட்டின் உறையிலோ படத்தின் பெயர்ப்பட்டியலிலோ மற்றவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மெல்லிசை மேடைகளில் நாற்பது ஆண்டு வாசித்தவர்களின் நிலை அதனினும் மோசம். விரல்மூட்டு வீங்கி, வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, இந்தப் புறநகர்த் தெருக்களிலேயே அவர்கள் முதுமையைக் கழிக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படியொருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். எந்தக் குழுவில், எந்த ஆண்டில், யாரோடு வாசித்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கைபேசியில் அவர் குரலையும் பதிவு செய்யுங்கள்.