பால் வழக்குக்கு இருபத்து நான்கு ஆண்டா?

தாராவியிலும் அண்டாப் ஹில்லிலும் கைக்குழந்தை உள்ள வீட்டில் அரிசிக்கு அடுத்த செலவு பால்தான். சம்பளம் வந்ததும் பால் கணக்கைத் தீர்க்கும் குமாஸ்தா, தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுப்பதை அறிவார். யாரிடம் முறையிடுவது என்பதைத்தான் அறியார்.

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-லேயே வந்தது. 1964-ல் அதைத் திருத்தி, பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று கடுமையாக்கினார்கள். பலன் என்ன?

உத்தரப் பிரதேசத்தில் ஒரு பால் வியாபாரியிடம் 1995 அக்டோபரில் மாதிரி எடுத்தார்கள். கொழுப்பு நீங்கலான திடச்சத்து 8.5 சதவீதம் இருக்க வேண்டும், இருந்தது 7.7. அளவை வகுத்துவிட்டால் சிறு குறைவும் குற்றமே என்று கூறி, சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது 2019 அக்டோபரில்! அந்தப் பாலைக் குடித்த குழந்தை இருந்தால் கல்யாண வயதை எட்டியிருக்கும். இதனால் எந்தப் பால்காரர் பயப்படுவார்? எந்தத் தாய்க்கு நல்ல பால் கிடைக்கும்?

2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டியது. தரம் குறைந்த பாலுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை அதிகாரியே விசாரித்து விதிக்கலாம். உடலுக்குக் கேடான பாலுக்கே சிறை. தண்ணீர் ஊற்றியவரையும் யூரியா கலந்தவரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல.

2018-ல் நாடு முழுவதும் 6,432 மாதிரிகளைச் சோதித்தார்கள். கலப்படத்தால் கேடானவை 12 மட்டுமே. ஆனால் மாட்டுத் தீவனத்தில் பிடிக்கும் பூஞ்சையின் நச்சு 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. சைக்கிளில் கேன் கட்டி வருபவரை மட்டும் பிடித்தால் இந்த நச்சு போகுமா?

பால்காரரும் ஊர் விட்டுப் பிழைக்க வந்தவர்தானே, விட்டுவிடலாம் என்பார் சிலர். கூடாது. ஏமாறுகிறவரும் பிழைக்க வந்த ஏழைதான். தண்ணீர் கலந்தவருக்கு உடனடி அபராதம் வேண்டும். பாக்கெட்டின் மூலையை வெட்டி, பாலை எடுத்து, தண்ணீர் விட்டு, மெழுகுவர்த்திச் சூட்டில் ஒட்டும் கும்பல்கள் மும்பையில் பலமுறை பிடிபட்டுள்ளன. வழக்கும் சிறையும் அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். அதுவும் ஆண்டுக் கணக்கில் இழுக்காமல் முடிய வேண்டும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பால் வாங்குபவரே கட்டணம் செலுத்தி அதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பால் தரமாக இல்லை என்று பரிசோதனை அறிக்கை காட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி ஒருவருக்கு இது சிரமம். பேட்டைக்குப் பேட்டை இருக்கும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாச் செலவில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினால் என்ன? நாலு மாதிரி போனாலே போதும். ஐந்தாம் நாள் பால் கெட்டியாகும்.