சி3 குறைவு என்றால் பவுடர் வாங்கவா ஓடுவது?



நீண்ட பதிவுதான். நேரமில்லாதவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்: பிள்ளையின் கிட்னி ரிப்போர்ட்டில் "சி3 குறைவு" என்று இருந்தால், பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அர்த்தமல்ல. நேரமிருப்பவர்கள் முழுதாக வாசித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

நான் வைத்தியன் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் கதை இது. உம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர், வகுப்பு கேட்க வேண்டாம்.

பிள்ளைக்குக் காலில் சிரங்கு. நுளம்புக் கடியைச் சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழும் வைத்திருந்தது. அதை நானும் பார்த்தேன். "மருந்து போடு மகன்" என்று சொல்லிவிட்டு பாடத்தை எழுதச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்று கிழமை கழித்து, காலையில் எழும்பும்போது பிள்ளையின் முகம் ஊதியிருந்தது. இரவிரவாக போன் பார்த்ததால் என்று வீட்டில் ஏச்சு. மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே பார்த்தால் அந்தச் சின்னப் பிள்ளைக்கு பிரஷர்! மூத்திரத்தில் இரத்தம். இரத்தப் பரிசோதனையில் சி3 நன்றாகக் குறைவு.

ஒரு கிழமையில் வீக்கம் வற்றி வீட்டுக்கு வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். எட்டுக் கிழமையில் சி3 திரும்பப் பார்க்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் திகதி போட்டுக் கொடுத்தார்கள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ரிப்போர்ட்டைப் போன் எடுத்து யாரோ வட்ஸ்அப் குரூப்பில் போட, "சி3 என்டா இம்யூனிட்டி. அது குறைஞ்சிருக்கு, அதைக் கூட்டணும்" என்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். தீர்ப்பு எழுதியவரிடமே பவுடரும் இருந்தது. உம்மா காதில் கிடந்ததை அடகு வைத்து இரண்டு டின் வாங்கினார். கிளினிக் திகதி மறந்துபோனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இரத்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கொம்ப்ளிமென்ட் என்பார்கள், நிரப்புத் தொகுதி என்று தமிழில் சொல்லலாம். பிறபொருளெதிரிகளுக்குத் துணையாக இரத்தத்தில் வேறொன்றும் வேலை செய்கிறது என்று 1890களில் காட்டியவர் பெல்ஜியத்தின் ஜூல்ஸ் போர்டே. 1919க்கான நோபல் பரிசு அவருக்குத்தான். இந்தப் புரதங்களுக்கு நடுநாயகம் சி3. பெரும்பாலும் ஈரலில் உற்பத்தியாகிறது. கிருமியைக் கண்டால் அதன்மேல் ஒட்டி அடையாளம் வைக்கும், வெள்ளணுக்களைக் கூப்பிடும், கடைசியில் கிருமியின் மேலுறையில் ஓட்டை போடும். இது இல்லாவிட்டால் கிருமிகளோடு போராடுவது கஷ்டம்.

ஆனால் ஊருக்குள் கள்ளன் புகுந்தான் என்று சத்தம் போட்டால் ஓடிவருகிற சனம் கள்ளனை மட்டுமா அடிக்கிறது? வேலி, ஜன்னல், பக்கத்து வீட்டு பைக் எல்லாம் உடையும். கிட்னியில் நடப்பதும் அதுதான். சிரங்குக் கிருமியின் துண்டுகளும் பிறபொருளெதிரிகளும் சேர்ந்து கிட்னியின் அரிதட்டில், புத்தகத்தில் கலன்கோளம் என்று படித்தோமே அதில், போய்ப் படிகின்றன. அங்கே சி3 வேலையைத் தொடங்குகிறது. வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அரிதட்டு வீங்கி அடைபடுகிறது, கிழிந்த இடத்தால் இரத்தம் கசிகிறது. உப்பும் தண்ணீரும் வெளியேறாமல் முகம் ஊதுகிறது, பிரஷர் ஏறுகிறது.

அப்படியென்றால் சி3 ஏன் குறைந்தது? கந்தூரியில் கிடாரம் காலியாகக் கிடந்தால் அரிசி வாங்க வசதியில்லை என்றா சொல்வீர்கள்? சனம் சாப்பிட்டிருக்கிறது! சி3யும் அப்படித்தான். சண்டையில் செலவாகிப் போயிருக்கிறது. சண்டை ஓய்ந்தால் ஈரல் தானாக நிரப்பிவிடும். சிரங்குக்கும் தொண்டைப் புண்ணுக்கும் பிறகு வருகிற இந்த நோயில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிழமையில் சி3 பழைய நிலைக்கு வந்துவிடும். அதைப் பார்க்கத்தான் அந்தத் திகதி.

எட்டு, பன்னிரண்டு கிழமை போயும் ஏறவில்லை என்றால் டொக்டர்மார் வேறு நோயைத் தேடுவார்கள். லூபஸாக இருக்கலாம், அதில் பெரும்பாலும் சி4ம் சேர்ந்து குறையும். இல்லாவிட்டால் சி3 குளோமெருலோபதி என்ற அரிதான நோயாக இருக்கலாம். அதில் சண்டையை நிறுத்துகிற ஆளே பழுது. கிருமி போன பிறகும் அடி விழுந்துகொண்டே இருக்கும். பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு கிட்னி செயலிழந்துவிடுகிறது. பிள்ளை ஓடியாடி விளையாடுகிறானே என்று கிளினிக்கை விடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்துத் தெரியாது. இரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்த்துத்தான் தெரியும்.

இன்னொன்று. அந்த அரிதான நோய்க்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இப்டாகோபான் என்ற மருந்து என்ன செய்கிறது தெரியுமா? கொம்ப்ளிமென்டை அடக்குகிறது! உலகம் இதை அடக்க வழி தேடுகிறது, எங்கள் குரூப்பில் கூட்டுவதற்கு டின் விற்கிறார்கள். நல்ல காலம், அந்தப் பவுடர் சி3யைக் கூட்டும் என்று நான் நம்பவில்லை. என் பயம் வேறு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று டின்னில் ஒழுங்காக எழுதியில்லை. அடிபட்ட கிட்னிக்கு பொட்டாசியம் கூடினாலே ஆபத்து. காமரங்கா ஜூஸ் குடித்து கிட்னி பழுதானவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். மரத்தில் காய்ப்பதெல்லாம் சும்மா இல்லை.

"ஆஸ்பத்திரியில மருந்தே குடுக்கல்ல சேர், உப்பக் குறைக்கச் சொல்லி, பிரஷர் குளிசையும் மூத்திரம் போற குளிசையும்தான் தந்த" என்கிறார்கள். ஆம், அதுதான் வைத்தியம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சுகமாகிற நோய் இது. அது ஆறும்வரை பிரஷர் ஏறி வலிப்பு வராமல், நெஞ்சில் தண்ணீர் கட்டாமல் காப்பாற்றுவதுதான் டொக்டரின் வேலை. தானாகச் சுகமாகிற நோயில் எந்தப் பவுடரும் பெயர் வாங்கிவிடும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கருஞ்சீரகத்தைக் குறை சொல்கிறான் என்று கிளம்பி வரவேண்டாம். எங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ரிப்போர்ட்டை வாசிக்கத் தெரியாதவன் அதற்கு மருந்து விற்க என்ன உரிமை?

சக ஆசிரியர்களுக்கும் மத்ரஸா ஹொஸ்டல் பொறுப்பாளர்களுக்கும்: சீழ் வைத்த சிரங்கைக் கண்டால் என்னைப்போல் "மருந்து போடு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வாப்பாவுக்குக் கோல் எடுங்கள். ஒரே பாயில் படுக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி பரவ எத்தனை நாள் எடுக்கும்? புண் ஆறிய பிறகும் ஒரு மாதமளவுக்கு முகத்தையும் மூத்திர நிறத்தையும் கவனியுங்கள்.

குரூப்பில் இதைச் சொன்னதற்கு என்னை நீக்கிவிட்டார்கள். பரவாயில்லை. பிள்ளையின் கிளினிக் திகதி தாண்டி இன்றைக்குப் பதினொரு நாள். நேற்று மஃரிபுக்குப் பிறகு வாப்பாவைப் பள்ளி வாசலில் பிடித்துப் பேசினேன். புதன்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் லீவு போட்டிருக்கிறேன்.