சூரியகாந்தி ஓவியம்

இலத்தூருக்கு அண்மையிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில், ஆடித் திங்களில் சூரியகாந்தி வயல்கள் பொன் விரித்தாற்போல் பொலியும். அம்மலரை ஓவியத்தில் நிலைபெறச் செய்தவர் ஒல்லாந்து நாட்டு வின்சென்ட் வான்கோ. 1888 ஆகஸ்டுத் திங்களில், பிரான்சு நாட்டு ஆர்ல் நகரில், தம் இல்லத்திற்கு வரவிருந்த ஓவிய நண்பர் கோகனின் அறையை அணிசெய்யக் கருதி, சாடியிலிட்ட சூரியகாந்திகளை அவர் தீட்டினார். அவ்வோவியங்களுள் ஒன்று இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் மலரும் மஞ்சள், சாடியும் மஞ்சள், பின்புலமும் மஞ்சள். ஒரே நிறத்தின் பல சாயல்களே அவற்றை வேறுபடுத்திக் காட்டுகின்றன. வண்ணக்குழம்பு தடித்துப் படிந்திருத்தலால், மலர்களின் சொரசொரப்பும் கண்ணுக்குப் புலனாகின்றது.

'பித்தே இதனைத் தீட்டியது' என்பாரும் உளர். அது பொருந்தாது. கடும் மனநோய் அவரைப் பற்றியது அவ்வாண்டு டிசம்பரில்தான். இவ்வோவியத்தை ஆக்கியது நோயன்று. நட்பும் அயரா உழைப்புமே. துன்புற்றாரின் துன்பத்தை வியத்தலினும், அவர்தம் உழைப்பைப் போற்றுதலே அறமாகும்.