தோலுக்குள் பூச்சி

ஒருவர் வைத்தியரிடம் வந்து, தன் தோலுக்குள் பூச்சி ஊர்வதாகவும் முட்டையிடுவதாகவும் சொல்லி, சாட்சியாக ஒரு சிறு பெட்டியைத் திறந்து காட்டுகிறார். அதிலிருப்பது தோல் பொருக்கும், நூலும், தூசியுமேயல்லாமல் வேறொன்றுமில்லை. பலர் இப்படியே தீப்பெட்டியில் கொண்டுவந்ததால் மேனாட்டு வைத்தியர்கள் இதற்குத் தீப்பெட்டி அடையாளம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுவீடன் தேசத்து நரம்பு வைத்தியர் எக்போம் என்பவர் 1938ல் இந்த வியாதியை விவரித்து எழுதினார்.

பகுத்தறிவு பேசும் நம்மவர் சிலர், "இதுவும் ஒரு மூடநம்பிக்கைதானே, நாலு கேள்வி கேட்டால் ஓடிவிடாதா?" என்று நினைக்கலாம். ஓடாது என்றே சொல்லுகிறோம். மூடநம்பிக்கை என்பது ஊரார் சொல்லிக்கொடுத்து வந்தது. இதுவோ ஊரே மறுத்தாலும் நிற்பது. மற்றக் காரியங்களில் இவர் நம்மைப்போலவே கணக்குப் பார்ப்பார், வியாபாரம் செய்வார். வாதத்தில் மடக்கினால் வேறு வைத்தியரைத் தேடிப் போவாரே தவிர குணமடையமாட்டார். பூச்சி இருக்கிறதென்று ஒத்துப் பாடினாலோ அந்த எண்ணமே பலப்படும்.

முதலில், மெய்யாகவே சிரங்குப் பூச்சியோ பேனோ இருக்கிறதா என்று தோலைச் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் பைத்தியம் என்று தீர்ப்புச் சொல்லுகிறவரை வைத்தியர் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கொக்கேன் முதலிய லாகிரி வஸ்துக்களாலும், வைட்டமின் பி12 குறைவாலும் இது வருவதுண்டு. அப்போது அந்தக் காரணத்துக்கே வைத்தியம் வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையானால் மனோவியாதிக்குரிய மருந்துதான். முன்பெல்லாம் பிமோசைடு கொடுத்தார்கள். அது இருதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடுமாதலால் இப்போது பெரும்பாலும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவற்றைக் கொடுக்கிறார்கள். பல வாரம் விடாமல் சாப்பிட்டால் அநேகருக்கு உபத்திரவம் குறைகிறது.

சாப்பிட வைப்பதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது. அரிப்புக்கு மருந்து என்று மட்டும் சொல்லி ஏமாற்றிக் கொடுப்பதை நாம் ஒப்புவதில்லை. உண்மை தெரிந்த நாளில் அவர் வைத்தியத்தையே விட்டுவிடுவார். "உங்கள் அவஸ்தை மெய், பூச்சி எங்கள் சோதனையில் அகப்படவில்லை, இது மனோவியாதிக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் இந்த அவஸ்தையைக் குறைக்கும்" என்று பொறுமையாய்ச் சொல்லுவதே யோக்கியமான வழி.

வீட்டாரும் தாமதிக்கக் கூடாது. கூட இருப்பவருக்கும் இதே எண்ணம் பிடித்துக்கொள்வதுண்டு. மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் தடவி, தோலைக் கீறிப் புண்ணாக்கிக்கொள்ளுகிறவர்களும் உண்டு. மந்திரவாதியிடம் கொண்டுபோனாலோ, அவன் மடியிலிருந்து ஒரு நிஜப் பூச்சியையே எடுத்துக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளுவான். அப்புறம் எந்த வைத்தியர் சொல்லை அவர் கேட்பார்?