பம்புக்கும் கரண்ட் வேணும்



ட்ரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய் 2018இலிருந்து எங்கட சொத்து. கனடா அரசு அதை 450 கோடி டொலருக்கு வாங்கியது. 2024 மேயில் விரிவாக்கம் திறந்தபோது கொள்ளளவு நாளுக்கு 3 லட்சம் பீப்பாயிலிருந்து 8.9 லட்சமாக ஏறியது.

தாரெண்ணெய் தானா மலை ஏறாது. எட்மன்டனிலிருந்து பர்னபி வரை பம்ப் நிலையங்களில் மின்மோட்டார்கள்தான் அதைத் தள்ளுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்தக் கரண்ட் பெரும்பாலும் நீர்மின்சாரம். ஆகவே பம்பின் கணக்கில் புகை குறைவு. கப்பலேறிப் போய் எரியும் எண்ணெயின் புகை அந்தக் கணக்கிலேயே இல்லை.

அந்த மின்சாரமும் சும்மா வரவில்லை. 1960களில் பென்னட் அணை கட்டியபோது சே கே டெனே மக்களின் ஊர்களும் வேட்டை நிலங்களும் தண்ணிக்குள்ள போயின. இப்ப ஸ்லே-வாத்தூத் மக்கள் வேண்டாம் என்று வழக்காடிய எண்ணெய் அவர்களின் கரைக்கே வருகிறது.

"எங்கட பெடியளுக்கு வேலை கிடைக்குதுதானே" என்கிறார் அப்பா. உண்மைதான். ஆனால் நிலம் பறிபோறது என்னெண்டு எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

குழாய் எந்தக் கரண்டில் ஓடுது என்பதோடு கேள்வியை நிறுத்தாதீங்கோ. யாரைக் கேட்டு ஓடுது? சொந்தக்காரர் நாங்கள், கேட்க வேண்டியதும் நாங்கள்தான்.