விலை கூறாத கடை

யப்பானின் ஒசாகா நகரிலே 2025ஆம் ஆண்டு ஏப்ரில் முதல் ஒக்டோபர் வரை நடைபெற்ற உலகப் பொருட்காட்சியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பிறநாட்டு மண்டபங்களைச் சூழ்ந்து நின்றது, ஏறத்தாழ 2 கிலோமீற்றர் சுற்றளவுள்ள மரவளையம். தூணைத் துளைத்து அதனூடே குறுக்குமரத்தைச் செலுத்தும் பழைய தச்சுமுறை, இன்றைய உலோகத்தின் துணையோடு அதனைத் தாங்கிற்று.

இத்தாலி மண்டபத்திலே, வானுருண்டையைத் தோளிற் சுமக்கும் அட்லஸின் பளிங்குச் சிலையைக் காண மக்கள் பலமணி நேரம் வரிசையில் நின்றனர். அமெரிக்க மண்டபத்திலே சந்திரனிலிருந்து கொணர்ந்த கல் இருந்தது. இரண்டும் வியப்புக்குரியனவே.

ஆயினும், என்னை நெடுநேரம் நிற்கச் செய்தது உக்ரேனின் சிறு கூடமே. தனி மண்டபம் எழுப்பாத நாடுகள் பங்கிட்டுக்கொண்ட பொதுமண்டபம் ஒன்றில் அது அமைந்திருந்தது. பார்வைக்கு அது ஒரு கடை; தட்டுகளிலே பொருள்கள். கையிலே தந்த கருவியை ஒரு பொருளின் பட்டைக்குறியிற் காட்டினால் விலை தோன்றவில்லை. போரின் நடுவிலும் அம்மக்கள் கைவிடாத விழுமியம் ஒன்றின் கதை தோன்றியது. 'விற்பனைக்கல்ல' என்பதே அக்கூடத்தின் பெயர்.

1851இல் இலண்டனிற் கூடிய பெருங்காட்சி தொட்டு, நாடுகள் தத்தம் சரக்கின் சிறப்பைப் பறைசாற்றவே இத்தகைய களங்களை நாடி வந்துள்ளன. அத்தகைய சந்தையின் நடுவே, விலைபேசலாகாதவை எவையென ஒரு நாடு எடுத்துரைத்தது. நாம் எதை விற்கிறோம் என்பதைப் பிறர் கணக்கிடுவர். எதை விற்கமாட்டோம் என்பதையோ நாமே சொல்லவேண்டும். நாடாயினும் வீடாயினும், அவ்வினாவைத் தன்னைத்தானே ஒருமுறை கேட்டல் நன்று.